கொழுந்தனுக்குக் கொடுத்த விதை

என் கொழுந்தனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயது ஏற ஏற மனசு இளகிவிடும் என்கிறார்கள். எனக்கு முட்டி மட்டும்தான் இளகியிருக்கிறது.

கொழுந்தன் என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி. புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் வைட் டவுனில், பிரெஞ்சுச் சாப்பாடு போடும் ஒரு சின்ன ஓட்டலில் அவன் சமையல் மாஸ்டராக இருந்தான். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சூட்டோடு என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பஞ்சாலை படுத்துக்கொண்டது. அவர் வாடகை ஆட்டோ ஓட்டப் போனார். முத்தியால்பேட்டையில் வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு ஆட்டோ, போதுமா? நானும் வேலைக்குப் போனேன். கொழுந்தன்தான் சொல்லி அந்த ஓட்டல் அடுப்படியில் சேர்த்துவிட்டான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் இதோ சொல்லியாயிற்று. மேலே போவோம்.

ஓட்டல் முதலாளி எங்கள் ஊர்த் தமிழர்தான். சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயே இருந்து, பென்ஷனோடு திரும்பியவர். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. அவர் மனைவி பிரான்சின் வடமேற்குக் கடலோரத்துக் கிராமத்துப் பெண். நான் வேலைக்குச் சேரும்போது அந்த அம்மாள் உயிரோடு இல்லை. அவர் ஊர்ப் பலகாரம் ஒன்றை வைத்துத்தான் அந்த ஓட்டலே ஓடிக்கொண்டிருந்தது. கலேத் என்று பேர். பார்த்தால் தோசைதான். ராகி தோசையைவிடக் கொஞ்சம் கறுப்பு. நடுவில் முட்டையும் சீஸும் வைத்து நாலு ஓரத்தையும் உள்ளே மடிப்பார்கள். தோசைக்கல்லோடு வளர்ந்த கை எனக்கு. இரண்டாம் நாளே கொழுந்தனைவிட மெல்லிசாக இழுத்துவிட்டேன். அவன் முகம் போன போக்கை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கலேத்துக்கு வேண்டிய மாவு சராசேன் என்கிற தானியத்திலிருந்து வருவது. கறுப்புக் கோதுமை என்றும் முசியே சொல்வார். கோதுமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இலையைப் பார்த்தால் கீரை, தண்டைப் பார்த்தால் சிவப்பு, தானியம் மூன்று முக்கு வைத்த கறுப்பு மணி. இப்போது பெரிய கடைகளில் பக்வீட் என்று பாக்கெட் போட்டு, சர்க்கரை வியாதிக்காரர்களிடம் விற்கிறார்கள். அப்போது ஊரில் பேரே தெரியாது. பிரான்சிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் இரண்டு பாக்கெட் மாவு கொண்டுவருவார்கள். எங்கள் புழுக்கத்துக்கு அது ஒரு மாதத்தில் வண்டு பிடித்துவிடும். சலித்துச் சலித்து என் தோள்பட்டை கழன்றது.

ஒரு முறை முசியே மனைவியின் ஊருக்குப் போய்விட்டு வரும்போது, உடைக்காத தானியமாகவே இரண்டு கிலோ கொண்டுவந்தார். இங்கே விளையுமா என்று பார்க்க ஆசை. கொழுந்தனிடம் கொடுத்தார். கொழுந்தனுக்கு நிலத்தில் கால் வைத்தால் செருப்பு அழுக்காகிவிடும். பையை என்னிடம் தள்ளினான்.

“அண்ணி, ரெட்டியார்பாளையத்துக்கு அந்தாண்ட உங்க அம்மா வூட்டு நிலம் சும்மாதானே கெடக்குது? இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. முசியே ஆசப்படறாரு.”

சும்மா கிடக்கவில்லை. என் அம்மா வழியில் எனக்கு வந்த இருபது குழி அது, கால் ஏக்கர் இருக்கும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். புது விதை என்றால் எனக்குக் கை அரிக்கும்.

முதல் வருஷம் நான் செய்தது சுத்த மடத்தனம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவள் வேறு என்ன செய்வேன்? ஆடி பிறந்ததும் விதைத்தேன். நல்ல விதைக்கு நல்ல சோறு போட வேண்டும் என்று தொழு உரம் கொட்டி, மல்லாட்டைப் பிண்ணாக்கும் போட்டேன். நாலாம் நாள் முளைத்தது. எட்டிப் பார்ப்பதற்குள் இடுப்பு உயரம். ஒரு மாதத்தில் நிலம் முழுக்க வெள்ளைப் பூ. வாசனை மட்டும் பூவுக்கு ஏற்ற வாசனை இல்லை. தேனும் சாணியும் கலந்த மாதிரி இருக்கும். நான் இலவு காத்த கிளியாகக் காத்திருந்தேன். அந்த வெயிலுக்குப் பூ கருகியது, உதிர்ந்தது, மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. தின்ற கொழுப்பில் தண்டு நிற்க முடியாமல் சாய்ந்து படுத்தது. தேடித் தேடிப் பொறுக்கியதில் ஒரு கை மணி.

நல்ல வேளை, பாதி விதையை எடுத்து வைத்திருந்தேன். அந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். சூடு ஆகவில்லை; சரி, குளிரில் போடுவோம். கார்த்திகை கடைசியில், பெரிய மழை ஓய்ந்த பிறகு விதைத்தேன். உரம் ஒரு கூடைகூடப் போடவில்லை. பள்ளத்தில் போட்டது நீர் தேங்கி இரண்டே நாளில் அழுகியது. மேட்டுப் பக்கம், செம்மண்ணும் மணலும் கலந்த இடத்தில் போட்டது நின்றது. ஏழைச் செடி அது. பட்டினி போட்டால்தான் காய்க்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அந்த மார்கழியில் நான் விடியற்காலை ஆட்டோவில் போய் இறங்கி, இரண்டு மணி நேரம் வயலில் இருந்துவிட்டுப் பிறகுதான் ஓட்டலுக்குப் போவேன். பூவை உற்றுப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெரிந்தது. சில செடியில் பூவின் நடுவில் இருக்கும் சூலிழை நீளம், சுற்றியுள்ள மகரந்த இழை குட்டை. வேறு சில செடியில் அப்படியே தலைகீழ். ஒரு வகைக்கு இன்னொரு வகையின் மகரந்தம் வேண்டும். தன் இனத்தோடு அது சேராது. நடுவில் தூது போவது தேனீ. பக்கத்து முருங்கைத் தோப்பில் தேனீ இருந்ததால் என் பிழைப்பு ஓடியது. மருந்து அடிக்கிற கத்தரிக்காய்க்காரர் நிலத்துக்கு ஒட்டி இருந்த ஓரத்தில் தேனீயும் இல்லை, காயும் இல்லை.

மூன்றாம் வருஷம் எனக்கு எல்லாம் கைவந்துவிட்டது. மணிகள் ஒரே நேரத்தில் பழுக்காது; முக்கால் பங்கு கறுத்ததும் அறுக்க வேண்டும். முழுதும் கறுக்கட்டும் என்று பேராசைப்பட்டால் முதலில் பழுத்தது தரையில் கொட்டிவிடும். பனி ஈரம் காய்வதற்குள் அறுக்க வேண்டும். கட்டுக் கட்டி இரண்டு நாள் நிறுத்திவைத்து, தடியால் மெல்லத் தட்ட வேண்டும். அந்த வருஷம் ஒன்றரை மூட்டை வந்தது. வெயில் கொஞ்சம் கூடினாலும் தாங்குகிற செடிகளாகப் பார்த்து, அவற்றின் மணியைத் தனியாக எடுத்து, மறுவருஷ விதைக்கு ஒரு தகர டின்னில் போட்டு வைத்தேன். முசியே கொண்டுவந்த விதை பிரான்சு விதை. டின்னில் இருந்தது என் விதை.

இடையில் வேறு விதைகளையும் போட்டுப் பார்த்தேன். நேரு வீதியில் மார்வாடிக் கடையில் நவராத்திரி விரதத்துக்குக் குட்டு என்று ஒன்று விற்பார்கள். அதுவும் இதே சாதிதான். மணி சின்னது, சாம்பல் நிறம், பூவில் லேசாக ரோஸ் ஓடும், பத்து நாள் முந்திப் பழுக்கும். அதைப் பக்கத்தில் போட்டால் தேனீ இரண்டையும் கலந்துவிடுகிறது. அடுத்த விளைச்சலில் ஒரு மணி பெரிது, ஒரு மணி சின்னது, ஒன்று பழுக்கும்போது ஒன்று பால் பிடிக்கிறது. அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றைத் தந்தது ஸ்வெட்டர் விற்கிற அம்மாள். குளிர்காலத்தில் மலைநாட்டுக்காரர்கள் வந்து ரோட்டோரம் கம்பளித் துணி போட்டு விற்பார்கள். புதுச்சேரிக் குளிருக்கு ஸ்வெட்டர் தேவையில்லைதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு வாங்கினேன். பேச்சு வாக்கில், பாதி இந்தி பாதி கைஜாடையில், அவர் ஊரிலும் இந்தத் தானியம் உண்டு என்று தெரிந்தது. பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டிக் காட்டினார். கசக்குமாம்.

அதை நிலத்தின் கோடியில் போட்டேன். அது தனி வகை. மணியில் பளபளப்பு கிடையாது; சாணி உருண்டை காய்ந்த நிறம், பக்கத்துக்குப் பக்கம் பள்ளம், முக்கு நெளிந்து இருக்கும். பூ இருப்பதே தெரியாது; பொடியாக, பச்சையாக. அதற்குத் தேனீயும் வேண்டாம், தூதும் வேண்டாம். தானே பூத்துத் தானே காய்க்கும். மற்றதோடு கலக்கவும் கலக்காது. வெயில், மழை எதற்கும் அசையாது. கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மாவைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாகும். ஒரு துண்டு சுட்டு வாயில் போட்டேன். நிலவேம்புக் கஷாயம் தேவலை. ஆனாலும் அது அடர்ந்து வளர்ந்து கோரையை அமுக்கிவிடுவதைப் பார்த்து, கோரை மண்டிய பக்கம் தூவுவதற்காக விதையைப் பெருக்கி அரை மூட்டை வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட இது எது, அது எது என்று எனக்குத் தெரியும். வயலில் நின்ற யாருக்கும் தெரியும்.

மூன்றாம் வருஷ விளைச்சலை மாவாக்கி ஓட்டலில் கலேத் போட்டபோது, முசியே ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு பட்டாளத்தில் இருந்த பென்ஷன்காரர்கள் ஏழெட்டுப் பேரையும், ஒரு பத்திரிகைக்காரரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

கொழுந்தன் புது வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நான் அறுத்து வைத்திருந்த செடியில் ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றான். பத்திரிகைக்காரர் புது டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துவிட்டு, எப்படி விளைந்தது என்று கேட்டார். நான் அடுப்படி வாசலில் தட்டோடு நின்றேன். இப்போது திரும்பி என்னைக் காட்டுவான் என்று நினைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த வெட்கக்கேட்டை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

“மூணு வருஷம் சார்,” என்றான் அவன். “காலைல அஞ்சு மணிக்கெல்லாம் வயல்ல நிப்பேன். மொதல் வருஷம் பூரா கருகிப்போச்சு. விடல. எங்க மண்ணுக்கு இதப் பழக்கிட்டேன்.”

எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காதவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் கண் முன்னால் பார்த்தேன். முசியே அவன் தோளில் தட்டினார். அவருக்கு விவரம் தெரியாது. கொழுந்தன் வீட்டு நிலம், கொழுந்தன் பார்த்துக்கொள்கிறான் என்பதுதான் அவர் அறிந்தது. வயலைப் பற்றி அவரிடம் நான் ஒரு நாளும் நேராகப் பேசியதில்லை. பேச வேண்டிய பேச்சையெல்லாம் கொழுந்தன்தான் பேசினான்.

மறுநாள் அவன் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“தம்பி, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளுங்க மறுபடி வருவாங்க இல்ல? அப்ப, இதப் பயிர் பண்ணது எங்க அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம்.”

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட விட்டிருப்பேன்.

“என்ன அண்ணி, பேப்பர்ல போட்டோ வரணுமா உங்களுக்கு? வூட்ல யாரு செஞ்சா என்ன? பேரு நம்ம குடும்பத்துக்குத்தானே?”

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, “வுடும்மே. அவன் நம்ம புள்ள மாதிரி,” என்றார். குடும்பம் என்று சொன்னால் பெண் பிள்ளை வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர்ச் சட்டமோ. நான் பிறந்ததிலிருந்து வேலை செய்கிறேன். செய்ததெல்லாம் அப்பா வீட்டு வேலை, மாமியார் வீட்டு வேலை, முதலாளி வேலை. இது ஒன்றுதான் நானே யோசித்து, நானே கெடுத்து, நானே தேற்றியது. அதை இவள் செய்தாள் என்று ஒருத்தன் வாயால், நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த வாய் இவன் வாயாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பேப்பரில் படம் வந்தது. முசியே அவனை ஓட்டலில் பங்குதாரனாகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த பருவத்துக்கு அவன் ஐம்பது குழி நிலம் குத்தகைக்குப் பிடித்தான், காலிஃபிளவர்த் தோட்டங்களுக்கு நடுவில். ஆள் வைத்துச் செய்வானாம். கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலை, விதை கேட்டு வீட்டுக்கு வந்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர் விதை கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது. விலைக்கும் கொடுக்கக் கூடாது. முறத்தில் அள்ளி, மேலே ஒரு மஞ்சள் கிழங்கும் வெற்றிலையும் வைத்து, கிழக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் துண்டை ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய இடத்தில் விதையைக் கிளறிப் பார்ப்பது கொடுத்தவரை அவமானப்படுத்துவது.

உள்ளே போனேன். டின்னும் இருந்தது, மூட்டையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். மனசுக்குள் ஒரே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அவன் சொன்னது போல் மூன்று வருஷம் வயலில் நின்றவனாக இருந்தால், முறத்தைப் பார்த்ததும் இது வேறு என்று சொல்லிவிடுவான். சொன்னால் டின்னை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மூட்டையை அவிழ்த்துக் கசப்பு விதையை முறத்தில் அள்ளினேன். மஞ்சள் வைத்தேன், வெற்றிலை வைத்தேன்.

அவன் குனிந்து பார்த்தான்.

“நல்லா கீதா அண்ணி?”

“நீயே பாரு தம்பி. உனக்குத் தெரியாததா?”

“தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?” என்று சிரித்துவிட்டுத் துண்டை ஏந்தினான். ஆறு முறம் அளந்து போட்டேன். அந்தக் குளிர்காலம் என் நிலத்தில் நான் சராசேன் போடவில்லை. என் வயலில் வெள்ளைப் பூ பூத்து, அவன் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டால் என்ன செய்வது? டின் அப்படியே பரணில் இருந்தது.

தை மாதம் அவன் ஓட்டலில் பெருமை பேச ஆரம்பித்தான். “அண்ணி, பூவே கண்ணுக்குத் தெரியல. ஆனா காயப் பாக்கணுமே! சும்மா கொத்துக் கொத்தா!” காலிஃபிளவருக்கு அடித்த மருந்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தேனீயே இருந்திருக்காது. நல்ல விதையாக இருந்திருந்தால் அவனுக்கு ஒரு படிகூடக் கிடைத்திருக்காது. கசப்பு விதையோ அள்ளிக் கொடுத்தது. “உனக்குக் கைராசி தம்பி,” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை.

அந்த வருஷம் தவக்காலம் தாமதமாகத் தொடங்கியது. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையை முசியே மர்தி கிரா என்பார். நோன்புக்கு முன்னால் வயிறாரச் சாப்பிடுகிற நாள். அவர் மனைவி வீட்டில் அன்றைக்குக் கலேத் மலை போல் அடுக்குவார்களாம். போன முறை வந்த அதே பென்ஷன்காரர்களைக் கூப்பிட்டார். பத்திரிகைக்காரரும் வந்தார். கொழுந்தன் தன் வயல் தானியத்தைத் தானே மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து, டின்னில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். சட்டி நிறையக் கரைத்தேன். மஞ்சளாக மாறியது. பாத்திரம் கழுவுகிற அம்மாள் எட்டிப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “புது மாவு அப்பிடித்தான் இருக்கும்,” என்று கொழுந்தனே பதில் சொன்னான். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் கலேத் போட்டதில்லை. மெல்லிசாக இழுத்து, ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை காத்திருந்து, வெண்ணெய் தடவி மடித்தேன். முதல் தட்டு முசியேவுக்கு. கொழுந்தனே எடுத்துப் போனான். நான் வாசலில் போய் நின்றேன்.

முசியே வெட்டி வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். ராணுவத்துக்காரர், துப்பவில்லை, விழுங்கினார். அதற்குள் மற்றவர்களுக்கும் தட்டு போயிருந்தது. ஒருவர் தண்ணீரைத் தேடினார். இன்னொருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். முசியே தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கொழுந்தனைப் பார்த்தார்.

“இந்தச் செடில என்ன பூ பூத்துச்சு?”

“பூ... சின்னதா முசியே. பச்சையா.”

“என் மனைவி ஊர்ல இது பூத்தா வயல் மொத்தமும் பால் கொட்டின மாதிரி இருக்கும். மூணு வருஷம் வயல்ல நின்னேன்னு இதே எடத்துல சொன்னியே. வெள்ளப் பூவ நீ ஒரு தடவகூடப் பாத்ததில்லியா?”

கொழுந்தன் எல்லோரையும் பார்த்தான். பத்திரிகைக்காரர் கேமராவை மேசையில் வைத்துவிட்டிருந்தார். பிறகு அவன் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். அந்த நிமிஷம்தான் அவனுக்குப் புரிந்தது. கையை நீட்டினான்.

“எனக்கு இன்னா முசியே தெரியும்? வெத குடுத்தது எங்க அண்ணி! மூணு வருஷமாப் பயிர் பண்ணது பூரா அவங்கதான். நான் வயல்ல கால வச்சதே இந்த வருஷந்தான். எது கேக்கணுமோ அவங்களக் கேளுங்க!”

சொல்லிவிட்டான். நான் கேட்ட அதே வார்த்தை, நான் கேட்ட அதே ஆட்கள் முன்னால், அவன் வாயாலேயே. நான் கேட்டதைவிட ஒரு வரி கூடுதலாகவே சொன்னான். ஆனால் பாராட்டாகச் சொல்ல மனசு வராத வாய், குற்றம் சாட்டும்போது எவ்வளவு தெளிவாகச் சொல்லியது! திருடியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி விரல் என்னை நோக்கி நீண்டிருந்தது. மேசையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு வருஷத்தில் அப்போதுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். “ஆமா முசியே. நான்தான்.”

“கசக்கிற விதைன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். மூணு வருஷம் பயிர் பண்ணவரு, பாத்ததும் கண்டுபுடிச்சிடுவாருன்னு நெனச்சேன்.”

ஒரு பென்ஷன்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பத்திரிகைக்காரரும் சிரித்தார். முசியே சிரிக்கவில்லை. தள்ளிவைத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மனைவியின் நாள். அந்த ஒரு மனிதரை நான் யோசிக்கவில்லை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரிடம் மட்டும்.

கொழுந்தனின் பங்கு போயிற்று. அவன் சென்னைக்குப் போய் ஏதோ ஓட்டலில் சேர்ந்தான். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு போட்டேன், தின்றார், பிறகு பேசினார்.

ஒரு வாரம் கழித்து முசியே என்னைக் கூப்பிட்டார். நல்ல விதை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்ப வர்ற பருவத்துல நீயே போடும்மா.” போடுகிறேன், ஆனால் அதே ஆட்களை ஒரு முறை கூப்பிட்டு, இவள்தான் இதை இந்த மண்ணில் விளைய வைத்தவள் என்று நல்ல முறையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பேப்பர்காரரையும் கூப்பிடுங்கள் என்றேன்.

“அதெல்லாம் எதுக்கும்மா? இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே,” என்றார்.

எப்படித் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஊரில் என்னைப் பற்றி நடந்த பேச்சு, கொழுந்தனுக்குக் கசப்பைக் கொடுத்து மானத்தை வாங்கினவள் என்பதுதான். மூன்று வருஷம் வெள்ளைப் பூவோடு நின்றதை ஒருத்தரும் பேசவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஓட்டலுக்கு மறுபடி பிரான்சிலிருந்து பெட்டியில் மாவு வந்தது. நான் மறுபடி வண்டு சலித்தேன். அந்தக் கார்த்திகையில் என் இருபது குழியிலும் மல்லாட்டை போட்டேன்.

வீம்பு இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது கார்த்திகையில் எனக்கே பொறுக்கவில்லை. யாருக்காகவும் இல்லை, நான் பார்ப்பதற்காகப் போடுவோம் என்று பரணிலிருந்து டின்னை இறக்கினேன். மேட்டுப் பக்கம் மண்ணைக் கிளறி, டின்னில் இருந்தது அத்தனையும் தூவினேன். நாலாம் நாள் போனேன். ஏழாம் நாள் போனேன். பதினைந்தாம் நாளும் போய் உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தோண்டி ஒரு மணியை எடுத்து நசுக்கினேன். உள்ளே வெறும் கறுப்பு மாவாக உதிர்ந்தது. ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அந்த விதை இத்தனை வருஷம் தாங்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விதைக்காக அழுதேன். கொழுந்தனுக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை.